பால்சாமி வீட்டுக் கருப்புக் கல்யாணம்

ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலை வாசலில் முப்பத்தொரு வருடம் செக்யூரிட்டியாக நின்ற பால்சாமி வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், சந்தேகத்திலிருந்து அல்ல. ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் தூக்குவாளியைத் திறந்து முகர்ந்து பார்த்த மனிதர். வீட்டில் பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்ப்பார். காய்கறிக்காரி கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை கூடுதலாகப் போட்டால், வாங்கிய கத்திரிக்காய் அத்தனையையும் திருப்பிப் பார்ப்பார். எதிர்வீட்டுக்காரர் வலிய வந்து சிரித்தார் என்பதற்காக ஒரு வாரம் மொட்டைமாடியிலிருந்து அவரைக் கண்காணித்ததுண்டு. எதிர்வீட்டுக்காரர் புதிதாகப் பல்செட் கட்டியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் ஜெயசித்ரா, மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் போன அன்றே "எனக்குச் சம்மதம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். பால்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் ஒரு பெண் சம்மதிப்பாளா?

சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஓர் இடம் நிச்சயமாகிப் பதினைந்தே நாளில் முறிந்துபோனது. ஜாதகத்தில் ஏதோ கவனிக்க விட்டுப்போனதாக அந்த வீட்டார் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் தனியாக விசாரணைக் கமிஷன் நடத்தி, நிச்சயத்தன்று வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தது பால்சாமியின் தங்கை சண்முகத்தாய் என்று கண்டுபிடித்தார்கள். சண்முகத்தாய் கட்டிக்கொடுத்த நாலாம் வருடம் புருஷனைப் பறிகொடுத்தவர். பால்சாமியின் மனைவி இறந்தபோது இந்த வீட்டுக்கு வந்து, ஐந்து வயது ஜெயசித்ராவைத் தூக்கி இடுப்பில் வைத்தவர் இன்னும் இறக்கிவிடவில்லை. கமிஷனின் தீர்ப்புக்குப் பிறகு விசேஷ வீடுகளில் யாரும் சொல்லாமலே அடுப்படிப் பக்கம் ஒதுங்கிக்கொள்வார். பால்சாமி தீர்ப்பை ஏற்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. வாசலில் நின்று சந்தனம் கொடுப்பதில் மும்முரமாக இருந்துவிட்டார்.

இரண்டாவது தடவையும் முறிந்தால் மகளுக்கு இனி இடமே அமையாது என்பது அவருடைய பயம். மகளே இதை முறிக்கத் திட்டம் போடுகிறாள் என்பது அவருடைய சந்தேகம். சந்தேகத்தை ஜெயசித்ரா நாளொரு விதமாக வளர்த்தாள்.

அவள் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். பாழடைந்த கோட்டை, மூடுபனி, பூட்டிய அறை, உள்ளே இருப்பது யார் என்று முந்நூறாம் பக்கம்வரை சொல்லாத நாவல்கள். பாடமும் அதுதான், பொழுதுபோக்கும் அதுதான். கல்யாணமும் அப்படித்தான் வேண்டுமாம்.

"கோதிக் ஸ்டைல்ப்பா."

"அப்படின்னா?"

"இருட்டு. மெழுகுவர்த்தி. கருப்புத் துணி, பட்ட மரக்கிளை, பழைய புஸ்தகம். லேசா ஒரு பயம்."

"அதுக்கு எதுக்குட்டி ஏற்பாடு? கல்யாணம்னாலே பயம் தன்னால வரும்லா" என்றார் சண்முகத்தாய், அடுப்படியிலிருந்து.

பனி இருக்கும் என்று முதலில் மார்கழி கேட்டாள். அது நடக்காது என்று தெரிந்ததும், மழையாவது இருக்கும் என்று ஐப்பசியின் கடைசி முகூர்த்தத்துக்கு இறங்கி வந்தாள்.

பத்திரிகை மாதிரியை பால்சாமியே அச்சகத்துக்குக் கொண்டுபோனார். கருப்பு அட்டை, வெள்ளி எழுத்து, மூலையில் ஒரு காக்கை. அச்சகம் நடத்தும் மாரிச்சாமி அதைக் கையில் வாங்கியதும் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, எப்ப நடந்துச்சு? ஒரு வார்த்தை சொல்லி விடலியே."

"எது?"

"கேதம்தான். கருமாதிப் பத்திரிகைக்குப் போட்டோ கொண்டாந்தியளா? மேல நடுவுல வைக்கணும்."

"ஏலே, இது கல்யாணப் பத்திரிகை!"

மாரிச்சாமி மறுபடி படித்தார். அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. நாலு மூலையிலயும் மஞ்சத் தடவுனா இதுல தெரியவே தெரியாது. வாங்குற சொந்தக்காரன் வாசல்லயே கிழிச்சுப் போட்டுட்டு தலைமுழுகப் போயிருவான். பொறவு கோடித்துணியோட வந்து உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுவான். பிள்ளைக்கு இதுல விருப்பம்தானா?"

அதைத்தான் பால்சாமியும் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் சந்தேகத்தை இன்னொருவர் வாயால் கேட்டதும் அது நிஜமாகவே ஆகிவிட்டதுபோல் இருந்தது.

அடுத்து, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி முந்நூறு மீட்டர் சொல்லியிருப்பதாக ஜெயசித்ரா அறிவித்தாள். கருப்புச் சாயம் போட்டு மணவறையில் தொங்கவிட்டால் ஒட்டடைபோல் அழகாக இருக்குமாம். நூலோடு வாழ்ந்த மனிதரால் இதைத் தாங்க முடியவில்லை. காயம்பட்டவனுக்குச் சுற்றுகிற துணியை மணவறைக்குச் சுற்றுகிறவள், அந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்றா நினைப்பாள்?

மறுநாளே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணன் அங்கே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அவனுடைய அம்மா அனுசியா, பூசணிக்காயைக்கூட நல்ல நேரம் பார்த்துத்தான் அறுப்பார். கருப்புச் செய்தி பால்சாமிக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"வாங்கண்ணே, நானே போன் போடணும்னு இருந்தேன். உங்க வீட்டுல யாரும் கருப்புச் சட்டைக் கட்சியா?"

"இல்லம்மா."

"மலைக்கு மாலை போட்டிருக்கியளா?"

"இல்லம்மா."

"வக்கீலு?"

"செக்யூரிட்டி. எங்களுக்குக் காக்கி."

"பொறவு எதுக்குண்ணே கருப்பு?"

பால்சாமி உதவிக்கு மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் கோபமாக இல்லை, குழப்பமாகக்கூட இல்லை. அது இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பியது.

"நீங்க என்ன மாப்ளே சொல்லுதிய?"

"சித்ரா சொன்னா ஏதாவது காரணம் இருக்கும் மாமா" என்றான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அனுசியா முடிவாகச் சொன்னார்: "ரிசப்ஷன்ல என்னமும் செஞ்சுக்கிடுங்க. முகூர்த்தத்துல ஒரு கருப்பு நூல் தெரிஞ்சாலும் இந்தச் சம்பந்தம் வேண்டாம்ணே. தப்பா நெனைக்காதிய."

நியாயமான பேரம் என்று பால்சாமி நினைத்தார். வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜெயசித்ரா தலையாட்டி மறுத்தாள்.

"ரிசப்ஷன் எனக்கு வேண்டாம்ப்பா. முகூர்த்தம்தான் வேணும்."

அன்றோடு அவருக்குச் சந்தேகம் தீர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் எதைத் தாங்க மாட்டார்களோ அதையே பிடித்துத் தொங்குகிறாள். முறிக்கத்தான் பார்க்கிறாள்.

மறுநாள் அவள் கல்லூரிக்குப் போனதும், கல்யாணத் திட்டம் எழுதி வைத்திருந்த நோட்டைத் திறந்தார். திறக்கக் கூடாது என்ற எண்ணமே அந்தக் கைக்குக் கிடையாது. மேஜைமேல் பளிச்சென்று கிடந்தது வேறு. முகூர்த்த நேரத்துப் பக்கத்தில் இப்படி இருந்தது:

ஆறு பத்து: கருப்புத் திரை விலகும், பின்னால் ஆந்தை, காக்கை. ஆறு பதினைந்து: மெழுகுவர்த்தி. ஆறு இருபது: தாலித்தட்டை அத்தை எடுத்து வருவாள். கருப்புப் பட்டு, நீளக் கை ரவிக்கை.

அதன் கீழே, சின்ன எழுத்தில்: எல்லாமே அபசகுனமாக இருந்தால் யாரும் அத்தையை மட்டும் சொல்ல முடியாது.

பால்சாமி மூன்று முறை படித்தார். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. பிடித்தவருக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் அடுப்படிக்குப் போய் முதலில் தங்கையைச் சந்தேகப்பட்டார்.

"ஏட்டி, இது நீ சொல்லிக் குடுத்ததா?"

சண்முகத்தாய் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு நோட்டை வாங்கி, எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சக் காயையும் அரிந்து முடித்தார். சாயங்காலம் ஜெயசித்ரா வந்து செருப்பைக் கழற்றியதும் கூப்பிட்டார்.

"இங்க வாட்டி. ஆந்தை எத்தனை சொல்லியிருக்க?"

"ஆறு அத்தை. தெர்மாகோல்தான்."

"காக்கா?"

"பன்னெண்டு."

"நான் எத்தனை?"

ஜெயசித்ரா அப்பாவைப் பார்த்தாள். அப்பா நோட்டைப் பார்த்தார்.

"ஆந்தை, காக்கா, பட்ட மரம், புண்ணுக்குச் சுத்துற துணி, அதுக்குப் பொறவு சண்முகத்தாய். ஊர்க்காரவுக என்னைய அடுப்படிக்குத்தான் அனுப்புனாக. நீ ஆந்தையோடல்லா சேத்துட்ட?"

"அத்தை, நான் அந்த மாதிரி நெனச்சு..."

"நல்லதுதான் நெனச்சிருப்ப, எனக்குத் தெரியாதா? ஆனா லைட்டை அமத்தி, வந்தவுகளை எல்லாம் பயங்காட்டி, அந்த இருட்டுக்குள்ள என்னையக் கடத்திக் கொண்டுபோவியாக்கும்? நான் என்ன உங்க அப்பன் மில்லுல திருடுன நூல்கண்டா?"

ஜெயசித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. பால்சாமி சமாதானம் சொல்ல வாயெடுத்தார். சண்முகத்தாய் அவர் பக்கம் திரும்பினார்.

"நீயும்தானண்ணே பொண்டாட்டியப் பறிகுடுத்தவன்? எல்லாக் கல்யாணத்துலயும் வாசல்ல நின்னு சந்தனம் குடுக்க. உன்னைய எந்த லிஸ்ட்டுலயாவது சேத்தாகளா?"

எத்தனையோ ஆயிரம் தூக்குவாளியைத் திறந்து பார்த்தவர் இந்த ஒன்றை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

"தட்டு எடுக்கணும்னா எடுக்கேன்" என்றார் சண்முகத்தாய். "கருப்பு கட்ட மாட்டேன். அரக்குப் பட்டுதான். லைட்டு எம்புட்டு இருக்கோ அம்புட்டும் எரியணும். முடியாதுன்னா சொல்லிருங்க, எனக்கு அடுப்படியே போதும். அங்க சாம்பார் என்னையப் பாத்துப் பயப்படுறதில்ல."

பால்சாமி போனை எடுத்தார். முறிந்துவிடக் கூடாது என்று இரண்டு மாதமாகக் காவல் காத்த சம்பந்தம். இப்போது முறிக்கப்போகிறவர் அவராகவே இருக்கலாம். அனுசியாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"முகூர்த்தத்துல கருப்பு கிடையாதும்மா. மெழுகுவர்த்தி கிடையாது. ஆந்தையும் கிடையாது."

"ஆந்தை வேற இருந்துச்சா?"

"ஆறு."

"முருகா!"

"ஒரே ஒரு விசயம். தாலித்தட்டை என் தங்கச்சி சண்முகத்தாய்தான் எடுத்து வருவா. பிள்ளையை வளத்தவ அவ. இதுல மாத்தம் கிடையாது. உங்களுக்குச் சரிப்படாதுன்னா இப்பவே சொல்லிருங்க."

சொல்லி முடித்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஜெயசித்ரா அத்தையின் முந்தானையைப் பிடித்திருந்தாள். மறுமுனையில் மிக்ஸி ஓடி நின்ற சத்தம் கேட்டது.

"அவிய என்ன கலர் கட்டுவாக?"

"அரக்கு."

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்கண்ணே. இருட்டுல கருப்பாத் தெரியுற அரக்கா?"

"இருட்டே கிடையாதும்மா. அம்புட்டு லைட்டும் எரியும்."

"லைட்டு எரியுமா!" அனுசியாவின் குரலில் அப்படி ஒரு நிம்மதி. "அப்பச் சரிண்ணே. அரக்கு லெச்சணமான கலருதான்."

கருப்புக்குப் பயந்த பயத்தில் அந்த அம்மாள் மற்றதை எல்லாம் மறந்துபோனார்.

பால்சாமி அதோடு விட்டிருக்கலாம். பேண்டேஜ் துணியை நிறுத்தச் சொல்ல சத்திரப்பட்டிக்குப் போன் போட்டார். அப்படி ஓர் ஆர்டரே வரவில்லை என்றார்கள். ஆந்தை செய்கிறவரை விசாரித்தார். அப்படி ஒருவரே இல்லை. மேஜைமேல் பளிச்சென்று கிடந்த நோட்டை நினைத்தார். துடைத்த கண்ணாடியையே துடைத்த மாப்பிள்ளையையும் நினைத்தார்.

"ஏட்டி, கருப்பைக் காட்டிப் பயங்காட்டி அத்தையைத் தட்டெடுக்க வைக்கிறதுதான் மொதல்லருந்தே உன் திட்டமா?"

"எதுப்பா?" என்றாள் ஜெயசித்ரா. அவள் முகத்தைப் படிக்க முடியவில்லை. பழையபடி ஏதோ பாழடைந்த கோட்டைக்குள் தலையை விட்டிருந்தாள். ஆனால் அத்தை கேட்ட கேள்விக்கு வந்த கண்ணீர் திட்டத்தில் இருந்திருக்காது. அது மட்டும் பால்சாமிக்கு நிச்சயம்.

ஐப்பசி மழையில் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் எரியாத விளக்கு ஒன்றுகூட இல்லை. அரக்குப் பட்டில் சண்முகத்தாய் தாலித்தட்டோடு வந்தபோது, தளவாய்புரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவள் காதில் குனிந்து ஏதோ ஓதத் தொடங்கினாள். அனுசியா திரும்பினார்.

"சும்மா இருங்க மதினி. என்னென்னமோ வர இருந்துச்சு. இதோட தப்பிச்சோம்."

என்னென்ன என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாததால் பயந்து, தட்டைத் தொட்டுக் கும்பிட்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்து வரிசையும் கும்பிட்டது. சண்முகத்தாய் தட்டோடு ஒவ்வொருவராகத் தாண்டி பால்சாமியிடம் வந்தார்.

"என்னண்ணே முழிக்க? தொடு."

"தட்டு ஒரு பக்கமாச் சாயுதேட்டி."

"கனம்ணே" என்றார் சண்முகத்தாய். தட்டில் இருந்தது ஒரு தேங்காயும், மஞ்சள் கயிறும், கொஞ்சம் அட்சதையும்தான். "இம்புட்டு நாளாத் தூக்கலைல்லா."