குளத்தின் மேல் ஏழாவது மாடி

நம்பினால் நம்புங்கள். நான் நிலம் அளந்து பிழைப்பவன். ஓரடியைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லிப் பழக்கமில்லை. இங்கே எழுதியிருப்பதெல்லாம் என் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது.

பன்னிரண்டு வருடம் கழித்து அந்த நகரத்துக்குப் போனேன். தங்கை புதிதாக வீடு வாங்கியிருந்தாள். ஒரு காலத்தில் அளவு நாடாவோடு தெருத் தெருவாக நான் அலைந்த ஊர்தான். ஆனால் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் திசையே தெரியவில்லை. பழைய மார்க்கெட் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம். தலைக்கு மேலே ரயில். திரும்பின பக்கமெல்லாம் கிரேன். வேர்வையும் சிமெண்ட் தூசியும் சேர்ந்து கழுத்தில் அப்பிக்கொண்டன.

தங்கையின் வீடு ஏழாவது மாடி. பால்கனியில் நின்று பார்த்தேன். பழைய ரயில் பாதை ஒரு வளைவு வளைந்து, தண்ணீர்த் தொட்டியை உரசிக்கொண்டு போனது. அந்த வளைவு எனக்குத் தெரியும். நான் நிற்கும் இடமும் தெரிந்துவிட்டது. இது குளம். மூடுவதற்கு முன்னால் இதை அளந்தவனே நான்தான்.

“என்னண்ணா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்று தங்கை சிரித்தாள்.

“ஒண்ணுமில்ல. உயரம் ஒத்துக்கல.”

மறுநாள் அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பினார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “மத்தியானம் மேல யாரோ துணி துவைக்கிறாங்க. தொப்பு தொப்புன்னு ஒரே சத்தம். கண்டுக்காதே.”

மூன்று மணி பத்து நிமிடம். அடித்துக்கொண்டிருந்த வெயில் சட்டென்று மறைந்து, மழை கொட்ட ஆரம்பித்தது. கரண்ட் போனது. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது.

தொப்... தொப்... தொப்...

ஈரத் துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம். மேல் வீடு என்று சும்மா இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. காலையில் துண்டு காயப்போட நானே மேலே போயிருந்தேன். ஏழுக்கு மேல் வீடே இல்லை. மொட்டை மாடிதான்.

சத்தம் குளியலறையிலிருந்து வந்தது.

கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. குழாய் மூடியிருந்தது. ஆனால் தரையெல்லாம் தண்ணீர். பச்சையாக, பாசி நாற்றத்துடன்... நான் உள்ளே கால் வைக்கவில்லை.

மூன்று பதினேழு. வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

கதவிலிருந்த கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். ஒரு பெண். இடுப்பில் ஈரத் துணி மூட்டை. முடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“யாரு?”

“எங்க வீட்ட அளக்கவே இல்லையே சார்...”

அந்தக் குரல்... குளக்கரையில் தகரக் கொட்டகை போட்டு, அக்கம்பக்கத்தார் துணியைத் துவைத்துக் கொடுத்தவள். அன்று நான் அளக்கப் போனபோது, “உள்ள பாப்பா தூங்குது, சத்தம் போடாதீங்க” என்றவள்.

“போயிடும்மா” என்றேன்.

“மெதுவாப் பேசுங்க சார்...”

அது கதவுக்கு வெளியிலிருந்து வரவில்லை.

எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பவில்லை...

படுக்கையறையில் ஒரு குழந்தை சிணுங்கியது.

தங்கைக்குக் குழந்தை இல்லை.

எப்படிக் கதவைத் திறந்தேன், எப்படி ஏழு மாடிப் படி இறங்கினேன், தெரியாது. கீழே வாட்ச்மேன் என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. மணி மூன்று இருபத்திரண்டு. என் இரண்டு பாதத்திலும் பச்சைப் பாசி.

திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குளத்த மூடினப்போ நான் இங்க மண்ணு லாரி ஓட்டினேன் சார். ஒரு நாள் ராத்திரி பெரிய மழை. கொட்டி வச்ச மண்ணெல்லாம் சரிஞ்சிடுச்சு. காலைல பாத்தா கரையில இருந்த கொட்டகையக் காணோம். உள்ள ஆள் இருக்குன்னு கத்தினோம்.”

“தோண்டிப் பாக்கலையா?”

“பெரிய ஆளுங்க வந்தாங்க. வரைபடத்த விரிச்சாங்க. இங்க வீடே இல்லையே, காலி இடம்தானேன்னாங்க. மேல மண்ணப் போடச் சொல்லிட்டாங்க.”

அந்த வரைபடம் நான் வரைந்தது. கொட்டகை எப்படியும் போய்விடும், குறிக்காதே என்று அன்று மேலாளர் சொன்னார். நானும் குறிக்கவில்லை.

அது வாட்ச்மேனுக்குத் தெரியாது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

“நாலு வருஷம் கழிச்சு அஸ்திவாரம் தோண்டினப்போதான் கிடைச்சாங்க சார். ரெண்டு பேரும்... எலும்பா. அவ கை அப்படியே குழந்தை மூஞ்சிய மூடியிருந்துச்சு. மண்ணு விழாம.”