சுவரோரம் போன தேவதூதன் கல்

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் பால் மாட்டுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன அந்தச் சின்ன ஊரில், அம்புரோஸ் ராக்கைப் பற்றி யாரும் குறையாக ஒரு சொல் சொன்னதில்லை. மாட்டுப்பண்ணை வைத்திருந்தார். வெள்ளத்தில் யாருடைய ஆடாவது மாட்டிக்கொண்டால், கூப்பிடுவதற்கு முன்பே டிராக்டரோடு போய் நிற்பார். கிறிஸ்தவக் கோயிலைச் சுற்றியிருந்த கல்லறைத் தோட்டத்துப் புல்லை வெட்டுவதும் அவர்தான்.

புல்லில்தான் வந்தது வினை. கருஞ்சாம்பல் நிறப் பலகைக்கற்கள் அங்கே நெருக்கமாக நின்றன. உப்பிய கன்னமும் விரித்த சிறகுமாகத் தேவதூதன் முகம் செதுக்கிய கற்கள். இருநூறு வருஷ மழை பெய்தும் எழுத்து மங்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்ததால் இடையில் இயந்திரம் நுழையாது. 1960களின் கடைசியில் ஒரு நாள் சபைக் குழுவில் அம்புரோஸ் எழுந்து, "எல்லாத்தையும் பிடுங்கி வடக்குச் சுவரோரம் சாத்திட்டா, ஒரே மூச்சில வெட்டிடலாமே" என்றார். நல்ல யோசனை என்று எல்லாரும் கை தூக்கினார்கள். மேலிடத்து அனுமதியும் வந்தது.

கல் எடுக்கும் நாளில் டிராக்டருக்கு முன்னால் வந்து நின்றவள் ஒருத்திதான். தபாலாபீஸ் மிஸ் தீர்சா கெட்டில்பரோ. அவள் குடும்பத்தில் முப்பாட்டன் ஒருவருக்கு மட்டுமே கல் உண்டு. பின்னால் செத்தவர்களுக்குத் தனிக்கல் நட வசதியில்லாமல், அந்த ஒரு கல்லைச் சுற்றியே அடக்கம் செய்திருந்தார்கள். கடைசியாக அவளுடைய அம்மா.

"அம்புரோஸ், அதுல கை வைக்காதே. எங்கம்மா அதுக்குப் பக்கத்துலதான் படுத்திருக்காங்க."

"கல்லைத்தானே எடுக்கறேன், மிஸ்? உங்கம்மா எழுந்து ஓடியா போயிடுவாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் விலகிப் போனாள். அம்புரோஸ் கல்லைப் பெயர்த்துச் சங்கிலி கட்டி இழுத்தார். எது எங்கே நின்றது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. குழியை மூடிப் புல் விதைத்தார்கள். அடுத்த கோடையில் தோட்டம் மைதானம் போலப் பச்சையாக இருந்தது. பாதிரியார் பிரசங்கத்திலேயே அவரைப் பாராட்டினார்.

அதன்பின் மிஸ் கெட்டில்பரோ அவரோடு பேசவில்லை. அறுவடை விருந்தில் பன்றிக்கறிப் பணியாரத் தட்டை, அவரைத் தாண்டி அடுத்தவர் கையில் கொடுப்பாள்.

வருஷங்கள் போயின. ஒரு மாசி மாதக் குளிரில் அவள் படுத்த படுக்கையானாள். அம்புரோஸை வரச் சொன்னாள்.

"என்னை எங்கம்மா பக்கத்துல வைக்கணும். கல்லைத் தூக்கினது நீதான். இடம் உனக்குத்தான் தெரியும். தெரியுமில்ல?"

அவள் கண் அவர் முகத்தை விட்டு அகலவில்லை. 'தெரியாது' என்று வாய்வரை வந்தது.

"தெரியும் மிஸ். நல்லாத் தெரியும். கவலைப்படாதீங்க."

அவள் அவர் கையை ஒரு தரம் தட்டினாள். அந்த வாரமே போய்விட்டாள்.

அம்புரோஸ் தோட்டத்தில் இறங்கி நடந்தார். கோயில் வாசலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? யூ மரத்துக்கு முன்னாலா, தள்ளியா? எங்கு பார்த்தாலும் அவர் வளர்த்த புல்தான். கடைசியில் மரத்தடியில் ஓர் இடத்தில் முளை அடித்தார். குழி வெட்டும் டான்ஸ்லி தோண்டத் தோண்டப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

ஆளுயரம் தோண்டியதும் டான்ஸ்லி மண்வெட்டியை ஊன்றினான். பக்கச் சுவர்களையும் குத்திப் பார்த்தான். "அம்புரோஸ், இங்க யாருமே இல்லப்பா. சுத்துவட்டாரம் பூரா கைபடாத களிமண்ணு. வேற இடம் பாக்கவா?"

"எங்கன்னு பாப்பே?"

டான்ஸ்லி தோட்டம் முழுக்க ஒரு பார்வை பார்த்தான். மத்தியானமே அடக்கம். அந்தக் குழியிலேயே அவளை வைத்தார்கள்.

கனடாவிலிருந்து வந்திருந்த மிஸ் கெட்டில்பரோவின் அண்ணன் மகள் ஜோன், அம்புரோஸின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லி அழுதாள். அந்த வசந்தத்தில் அம்புரோஸ் அனுமதி வாங்கி, கெட்டில்பரோ கல்லைச் சுவரோரத்திலிருந்து கொண்டுவந்து புதுக் குழியின் தலைமாட்டில் நட்டார். ஊர் அவரைப் புகழ்ந்தது. புகழ்ச்சி வரவர அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் பாதிரியாரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"யார் எங்கே இருக்காங்கன்னு கடவுளுக்குத் தெரியும், அம்புரோஸ்."

"அவருக்குத் தெரியும் ஐயா. அந்தம்மா என்னையில்ல கேட்டாங்க?"

வீட்டில் மனைவி மேபல் இன்னும் சுருக்கமாகச் சொன்னாள்: "ஜோன் வந்தா அவகிட்ட சொல்லிடு. என்கிட்ட பொலம்பி என்ன ஆகப்போகுது?"

சொல்லிவிடுவது என்றுதான் அவரும் இருந்தார். அடுத்த ஆகஸ்டில் ஜோன் இரண்டு கொத்துப் பூவோடு வந்தாள். தேவதூதன் கன்னத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அத்தை இங்க. பாட்டி எந்தப் பக்கம், மிஸ்டர் ராக்? இடதா, வலதா?"

அம்புரோஸ் தொப்பியைக் கழற்றினார். அவள் பூவை நீட்டியபடி காத்திருந்தாள். பிரயாணக் களைப்பிலும் அவள் முகம் தெளிந்திருந்தது.

"இடது பக்கம்மா" என்றார்.

அவள் மண்டியிட்டு, இடது பக்கப் புல்லின்மேல் பூவை வைத்தாள்.