டிரில் மாஸ்டருக்கு வந்த அக்கி

திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்த ராயப்பராஜ், 1961 ஆடி மாதத்தில் சட்டை போட முடியாத மனிதராகிப் போனார். அதுவரை அவர் நோய் என்று படுத்து யாரும் பார்த்ததில்லை.

முதலில் வந்தது அக்கி. முதுகின் இடப்பக்கம் தொடங்கி விலாவைச் சுற்றி மார்புவரை பட்டையாகக் கொப்புளங்கள். மண்பானை வனையும் சடையாண்டி வேளாரிடம் போய்க் கொப்புளங்கள்மேல் மருந்தாகக் காவி குழைத்து எழுதிக்கொண்டார். கொப்புளங்கள் காய்ந்தன, பொருக்கு உதிர்ந்தது, தழும்பு மட்டும் நின்றது. வலி போகவில்லை.

பனியன் உரசினால் நெருப்புக் கங்கை வைத்து இழுத்தது போலிருந்தது. ஆடிக்காற்று மேலே பட்டால்கூடத் துள்ளினார். உட்கார்ந்தால் எழத் தோன்றும். எழுந்தால் நடக்கத் தோன்றும். வெறும் வேட்டியோடு வாசலுக்கும் கொல்லைக்கும் அலைந்தார். சோற்றுத் தட்டையும் கையில் ஏந்தி நடந்தபடியே தின்றார்.

"புண்ணுதான் ஆறிப்போச்சே, இன்னும் என்னங்க வலி?" என்றாள் மனைவி ஆனந்தமேரி.

"அப்ப நான் பொய்யா சொல்றேன்?" என்று கத்தினார்.

மாஸ்டர் வேலைக்குச் சோம்பி லீவை நீட்டுகிறார் என்று பள்ளியில் பேசிக்கொண்டது காதுக்கு வந்த அன்று, வீம்பாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை தாண்டவில்லை. சட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு, கண் கலங்கத் திரும்பி வந்தார். அதைப் பார்த்த பிறகுதான் ஆனந்தமேரி அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"அக்கி குடியிருந்தது நரம்புக்குள்ள, மாஸ்டர்," என்றார் டாக்டர். "தோல் ஆறிடுச்சு. தோல்லருந்து முதுகுத்தண்டுக்குச் சேதி கொண்டுபோற நரம்பு இன்னும் ஆறல. துணி பட்டாலும் நெருப்புப் பட்டதா மேல சொல்லுது. மூளையும் அப்படியே எடுத்துக்குது."

"அப்ப இது நிசமான வலிதானா?"

"நிசந்தான். நாளாகும்."

ராயப்பராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலைகுனிந்துகொண்டாள்.

நடக்கும்போது அவர் உள்ளங்கையால் விலாவை அழுத்திக்கொள்வதை அவள் கவனித்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பழைய சின்னாளப்பட்டிச் சேலையை மடித்து அவர் மார்பைச் சுற்றி இறுக்கினாள். முதல் சுற்றுக்கு அலறினார். மூன்றாவது சுற்றில், "இன்னும் இறுக்கு, மேரி," என்றார். லேசாக உரசினால் எரிந்த இடம், அழுத்திப் பிடித்தால் அடங்கியது.

அந்தக் கட்டின்மேல் சட்டை போட்டு வேலைக்குப் போனார். ஒரு பந்தயத்தில் நடுவராக விசில் ஊதி ஓடிய நேரம் முழுக்க வலியே தெரியவில்லை. ஆட்டம் முடிந்து நாற்காலியில் சாய்ந்ததும் பற்றிக்கொண்டது.

அது ஏன் என்று டாக்டரிடம் கேட்டார். "மூளை வேறொண்ணுல மும்முரமா இருந்தா, கீழருந்து வர்ற சேதியை வழியிலேயே அமுக்கும்," என்றார் அவர்.

அதைக் கேட்டதிலிருந்து மனிதர் நிற்கவில்லை. சிறுமலை அடிவாரமோ குஜிலியம்பாறையோ, எங்கே பந்தயம் என்றாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நடுவராகப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலும் உட்கார முடியாமல், பூசை முடிவதற்குள் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார்.

ஒரு ஞாயிறு ஆனந்தமேரி சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படி ஊர் ஊரா ஓடாதீங்க. இங்க உக்காந்து, எப்படி வலிக்குதுன்னு எங்கிட்டச் சொல்லுங்க."

"சொன்னா நம்புவியா?"

"நம்புறேன்."

அவர் உட்கார்ந்தார். எரிச்சலை, குத்தலை, எறும்பு ஊர்வதை, யாரிடமும் சொல்ல வெட்கப்பட்ட பயத்தை எல்லாம் சொன்னார். வலி ஓரிரு முறை சுண்டி இழுத்தது. ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை.

எரிச்சல் மெல்லத் தணிய இரண்டு வருடமாயிற்று.