ரங்கூன் அலெக்சாண்டர் ஆக்கிய சீனக் கறி

பெங்களூர் கன்டோன்மென்ட்டில் அலெக்சாண்டர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ராணுவக் கிடங்கு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவரை மட்டும் ரங்கூன் அலெக்சாண்டர் என்பார்கள். ரங்கூனில் அவர் இருந்தது பதினோரு மாதம். ஒரு கப்பல் கம்பெனியில் கடிதம் நகலெடுத்தார். நாற்பத்தொன்று டிசம்பரில் அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கிடைத்த கப்பலில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார். அந்தப் பதினோரு மாதத்தை வைத்து ஆயுசு முழுக்கப் பேசுவதென்று தீர்மானித்திருந்தார்.

பேச்சில் பாதி சாப்பாடு. சீனாக்காரன் மாட்டுக்கறியை எப்படி வதக்குவான், அது பாலிஷ் போட்ட மேஜை மாதிரி எப்படிப் பளபளக்கும், வெள்ளைச் சோற்றின் மேல் எப்படி வழியும் என்று வர்ணித்துக்கொண்டே இருப்பார். தலைமைக் குமாஸ்தா ஹெர்பர்ட் ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட வருவதாகவும், தனக்குத் தெரிந்த சீனப் பல் டாக்டரையும் கூட்டிவருவதாகவும் தாமாகவே சொல்லிவிட்டார்.

அலெக்சாண்டர் வேறு வழியில்லாமல் சரி என்று சொல்லிவைத்தார். அவர் அந்தக் கறியைத் தின்றிருக்கிறாரே தவிர, ஆக்கினதில்லை. ஓட்டல் அடுப்படியை வாசலிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்திருக்கிறார்.

ஞாயிறு காலை பிளாக்பள்ளி மார்க்கெட்டில் கொழுப்பில்லாத கறியாக வாங்கி வந்தார். மனைவி கேத்தரின் அதை மெல்லிய சீவல்களாக அரிந்தாள், இஞ்சி பூண்டு நறுக்கினாள், கரி அடுப்பை விசிறிக் கனிய வைத்தாள். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கி உலை வைத்ததும் அவள்தான். சமையல் அலெக்சாண்டருடையது என்பதால் அவர் நாற்காலியில் இருந்தார்.

பளபளப்புக்கு என்ன போடுவது என்று அவருக்கு ஞாபகமில்லை. ரங்கூனிலிருந்து கொண்டுவந்த சோயா சாஸில் கால் பாட்டில் மிச்சமிருந்தது. அதோடு புளித்த காடியும் வெல்லப்பாகும் சேர்க்கச் சொன்னார்.

"இவ்வளவு பாகா? கறியா, அதிரசமா?" என்றாள் கேத்தரின்.

அவர் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு மொத்தத்தையும் ஊற்றினார். அங்கே பார்த்தபடியே சட்டியைத் தூக்கிக் குலுக்கியதில் கால்வாசிக் கறி சாம்பலில் விழுந்தது. மீதி பளபளத்தது. அதை மறுக்க முடியாது.

ஹெர்பர்ட் ஒரு வாய் போட்டுவிட்டு நெடுநேரம் மென்றார். பல் டாக்டர் சோற்றையும் கேத்தரின் வைத்த கோஸ் பொரியலையும் மட்டும் சாப்பிட்டார். கறியை ஏன் தொடவில்லை என்று அலெக்சாண்டர் கேட்டார்.

"மன்னிக்கணும் சார். எங்க வீட்ல மாட்டுக்கறி சாப்பிடுறதில்ல. எங்கம்மா வாசப்படி தாண்ட விடமாட்டாங்க" என்றார் டாக்டர், சுத்தமான கன்டோன்மென்ட் தமிழில்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு வாயை மூடியிருப்பார்கள். அலெக்சாண்டர் அரை மணி நேரம் அந்தச் சீனருக்குச் சீனர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று விளக்கினார். டாக்டர் பணிவாகத் தலையாட்டினார். ஹெர்பர்ட் சிரிப்பை அடக்க, தாகமில்லாமலே மூன்று தரம் தண்ணீர் குடித்தார்.

அவர்கள் போனதும், "அவன் இங்கயே பொறந்தவன். அசல் சீனாக்காரன் இல்ல" என்றார் அலெக்சாண்டர்.

கேத்தரின் மிஞ்சின கறியை வெந்நீரில் அலசிப் பாகைப் போக்கி, மிளகும் வெங்காயமும் போட்டு வறுத்தாள். சாயங்காலம் அவர் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். ரங்கூனில் இப்படித்தான் இருக்கும், நண்பகலில் அடுப்புதான் சரியாக எரியவில்லை என்று அவளிடம் சொன்னார்.