ஆணியடித்த ஜன்னல்

"அம்மா, இந்த எடத்துல கட்டம் ஒண்ணா, ரெண்டா?" என்று ஒரு நாள் பிற்பகலில் மகள் கேட்டாள்.

அவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பட்டுப்புடவைகளுக்கு டிசைன் போடுகிறாள். திரை நிறையப் பொடிப்பொடிக் கட்டங்கள்; ஒரு கட்டம் தவறினால் தறியில் ஓர் இழை தவறும். நான் குனிந்து பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது. அவள் கண்கள் சிவந்து நீர் வடிந்தன. கண் மருத்துவமனைக்குப் போகிற ஆட்டோவில் என் தோளில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். இருபத்து மூன்று வயது.

டாக்டர் நிதானமாகப் பரிசோதித்தார்.

"பார்வைக்கு ஒண்ணும் ஆகலைம்மா. கண்ணு காஞ்சு, களைச்சுப் போயிருக்கு. வேலை மும்முரத்துல இமைக்கவே மறந்துடுறாங்க. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடிக்கு அப்பால எதையாவது கொஞ்ச நேரம் பார்க்கணும். உட்கார்ற இடத்துலேருந்து என்ன தெரியும்?"

"சுவரு, சார்."

"ஜன்னல் இல்லையா?"

மகள் என்னைப் பார்த்தாள்.

ஜன்னலை அடைத்தவள் நான்தான். எங்கள் தெருவில் புது பார்டர் தறியிலிருந்து இறங்கும்வரை யார் கண்ணிலும் படக்கூடாது. பட்டால் அடுத்த வாரமே பக்கத்துத் தறியில் ஓடும். அதனால் அட்டை வைத்து ஆணியடித்திருந்தேன். அந்த இருட்டில் திரை வெளிச்சத்தை மட்டுமே பார்த்து அவள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலையே ஆணிகளைப் பிடுங்கினேன். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்பினோம். திரையில் வெளிச்சம் அடிக்கவில்லை, தெருவில் போகிறவர்களுக்கும் படம் தெரியவில்லை. முகத்தில் நேராக அடித்த ஃபேனையும் தள்ளி வைத்தோம்.

"இமைச்சியா?" என்று அடிக்கடி கேட்பேன்.

"இமைச்சிக்கினுதாம்மா இருக்கேன்! நீ கேட்டுக்கினே இருந்தா கட்டம் மாறிப் போவுது."

எதிர்வீட்டிலும் தறி ஓடுகிறது. அந்த வீட்டுக்காரிக்கு ஒரே சிரிப்பு. "இன்னாக்கா, கோட்டைக் கதவு தொறந்து கெடக்குது?"

"காத்து வரட்டும்னுதான்" என்றேன்.

இரண்டு மாதமாகிறது. நேற்று அவள் வேலையை நிறுத்திவிட்டு, எதிர்வீட்டு மாடியில் நிழலில் உலர்ந்த புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புது பார்டர்ம்மா. அன்னப்பறவை. கழுத்தைக் கொஞ்சம் நீட்டமாப் போட்டுட்டாங்க."

நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு அரக்கு நிறம் மட்டும்தான் தெரிந்தது.

"சத்தமாச் சொல்லாதடி, அவளும் நாளைக்கே ஜன்னல்ல ஆணியடிச்சிடுவா" என்றேன்.