வெள்ளைத் தொப்பிப் பெரட்டு

கூடை சுமந்து, கூலியாட்களின் வரிசையில் ஒருவனாய் நின்ற பெருமானே, பிரம்படியை முதுகில் ஏற்று அதை அனைத்துயிர் முதுகிலும் உணர்த்தியவனே, இக்குறிப்பை எழுதப் புகும் கைக்குத் துணை நிற்பாயாக. இன்று மார்கழித் திருவாதிரை நன்னாள். விடியலில் குளுவாங் கோயிலில் அம்பலவாணன் திருமுகம் கண்டு, களி பெற்று, வீடு திரும்பி எழுத அமர்ந்திருக்கிறேன்.

எங்கள் பூசையறை வாசலை ஒட்டிச் சுவரில் ஓர் ஆணி. அதில் எப்போதும் ஒரு வெள்ளைத் தலைக்கவசம் தொங்கும். எண்ணெய் ஆலைகளில் அதிகாரிகள் அணிவது. விளிம்பில் கீறல், உள்ளே வியர்வைக் கறை. சாமி அறை வாசலில் இதென்ன என்று வருவோர் கேட்பதுண்டு. வேறிடத்தில் மாட்டலாமே என்று என் மருமகளும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள். மாற்றமாட்டேன். அந்த வாசலில் தொங்குவதற்கான தகுதியை அது சம்பாதித்தது. சம்பாதித்துக் கொடுத்தவர் எங்கள் மிஸ்ஸி.

ஜொகூர்ப் பக்கம் சிம்பாங் ரெங்கம் என்ற ஊரைத் தாண்டிச் செம்பனைக் காட்டுக்குள் இருந்த எண்ணெய் ஆலையில் நான் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, வேலை பார்த்தேன். ஆலை மருத்துவமனையின் தாதியை எங்கள் பக்கத்து வழக்கப்படி எல்லாரும் மிஸ்ஸி என்றே அழைத்தோம். கத்தோலிக்கர், கணவரை இழந்தவர், ஆலைக் குவார்ட்டர்ஸில் தனியாக வாழ்ந்தவர். ஆண்டிறுதி விருந்தின் கலைநிகழ்ச்சிக்கு அவரே பொறுப்பு. யார் அவருக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. கூட்டமெல்லாம் மருத்துவமனையில்தான் நடக்கும். மருந்து வாடைக்கு நடுவே, எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் பலகாரத் தட்டு இருக்கும். லாரி ஓட்டும் மலாய்க்காரர் பந்துன் என்னும் மலாய்ப் பாட்டைப் பாட வேண்டும் என்பார். பழுதுபார்க்கும் சீனத் தம்பி தமிழ் சினிமாப் பாட்டுத்தான் பாடுவேன் என்று அடம்பிடிப்பார். "நீ பாடு, தப்பில்ல. ஆனா போன வருசம் மாதிரி பாதியில அழுவாதலா" என்பார் மிஸ்ஸி.

நிகழ்ச்சிகளில் ஒன்று மட்டும் விவாதத்துக்கு வராது. அதுதான் பெரட்டு. தோட்டத்தில் விடியுமுன் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்போம். எங்கள் ஆலையில் அனைவரும் தோட்டத்துப் பிள்ளைகள். விருந்தன்று அந்த வரிசை தலைகீழாகும். அதிகாரிகள் வெள்ளைத் தொப்பியைக் கழற்றித் தொழிலாளிகளிடம் கொடுத்துவிட்டு, அவர்களுடைய மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வெள்ளைத் தொப்பி போட்ட தொழிலாளி பெயர் கூப்பிடுவார். "இருக்கேன் தொர!" என்று அதிகாரி குரல் கொடுக்க வேண்டும். கணக்காளருக்குக் கால்வாய் சுத்தம். பொறியாளருக்குக் கொதிகலன் சாம்பல். எனக்கு எப்போதும் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. குரல் தாழ்ந்தாலோ வரிசை கலைந்தாலோ 'அரைப் பேர்', அதாவது அரைநாள் கூலிதான். சிரிப்பில் மண்டபக் கூரை அதிரும். மறுநாள் காலை தொப்பிகள் பழைய தலைகளுக்குத் திரும்பிவிடும். ஆனாலும் அடுத்த சில வாரங்களுக்கு அதிகாரிகள் தொழிலாளிகளைக் கூப்பிடும் தொனியில் ஒரு கவனம் இருக்கும். அதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

புதிய மேலாளர் வந்த ஆண்டில் அதற்குத் தடை விழுந்தது. ஜொகூர் பாருவிலிருந்து ஒரு கலைநிகழ்ச்சி நிறுவனம் வரும். அவர்களே ஆடுவார்கள், பாடுவார்கள். தொழிலாளர்கள் அமர்ந்து கைதட்டினால் போதும் என்று உத்தரவு. தலைமை அலுவலகத்தார் வருகிறார்கள், பெரட்டு கிரட்டு எதுவும் கூடாது என்றார். அவரும் தமிழர்தான். தனியே கண்டு பேசினேன்.

"அங்கிள், எங்கப்பா பெரட்டுல நின்னவரு. அத மறக்கத்தான் நான் படிச்சேன். ஹெட் ஆபீஸ் ஆளுங்க முன்னால நான் ஏன் மறுபடி அந்த வரிசையில நிக்கணும்? எனக்கு இது இறக்கம் இல்லையா?"

"ஏத்தம்தான் சார்," என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டார்.

அவரது காயம் எனக்குப் புரிந்தது. இன்றும் புரிகிறது. ஆனால் காயத்தை மூடுவதற்கு மற்றவர்களின் சிரிப்பைப் பறிக்க அவருக்கு உரிமை இல்லை என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆலவாயில் ஒரு கிழவியின் உதிர்ந்த பிட்டுக்காகக் கூலியாளாய் வந்தவனை நான் நாள்தோறும் பாடுகிறேன். அவன் வேலை பார்த்தானா என்றால் அதுவும் இல்லை. ஆடினான், பாடினான், மண்ணை அள்ளித் தன் தலையில் கொட்டிக்கொண்டான், மரத்தடியில் உறங்கினான். ஏவலாளருக்கு அது பொறுக்கவில்லை, அரசனுக்கும் பொறுக்கவில்லை. அடித்த அடி அரசன் முதுகிலேயே விழுந்தது. வரிசையில் நிற்பது இழிவென்றால் அந்தப் பெருமானை என்னவென்று பாடுவது?

மிஸ்ஸியிடம் இதைச் சொன்னேன். ஊசிக்குழலைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "உங்க சாமி மண்ணு சுமந்தாரு. எங்க சாமி சீடருங்க காலக் கழுவுனாரு. இந்த மேனேஜருக்கு மட்டும் மஞ்சத் தொப்பி போட்டா தல வலிக்குதாமா? வந்தா மாத்திர தர்றேன்."

சிரித்தேன், ஆனால் எனக்கு அச்சமும் இருந்தது. ஓய்வு வயதைக் கடந்த அவருக்கு ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு வந்தது. கையெழுத்திட வேண்டியவர் அந்த மேலாளர். வேலை போனால் குவார்ட்டர்ஸ் வீடும் போகும். வேறு வீடு அவருக்குக் கிடையாது. எடுத்துச் சொன்னேன்.

"எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும், பெரிய கிராணி. ஊசி போடத் தெரிஞ்சவளுக்கு எந்த ஊர்லயும் ஒரு பின்பக்கம் கிடைக்கும்லா."

விருந்தில் பெரட்டுக்கு மேலாளரே வழி திறந்து வைத்தார். தலைமை அலுவலகத்தாருக்குக் காட்ட, அதிகாரிகள் வெள்ளைத் தொப்பியுடன் மேடையில் நின்று பாதுகாப்பு உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். உறுதிமொழியை வாசிக்க மிஸ்ஸியையே நியமித்தார். வாடகை ஆட்டக்காரிகள் ஆடி முடித்தார்கள். வேலை முடிந்து குளித்துத் தலை சீவி வந்திருந்த எங்கள் ஆட்கள் மரியாதைக்குக் கைதட்டினார்கள். பிறகு நாங்கள் மேடையேறி வரிசையில் நின்றோம். மிஸ்ஸி உறுதிமொழியை ஒரு சொல் பிசகாமல் வாசித்தார். நாங்களும் திருப்பிச் சொன்னோம். நிகழ்ச்சியை அறிவிப்பவர் ஒலிவாங்கிக்குக் கை நீட்டினார். மிஸ்ஸி கொடுக்கவில்லை.

"யாரும் எறங்காதீங்க. வரிசை நல்லாத்தான் இருக்கு."

மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு வியப்புக் குரல்: "அலமாக்! பெரட்டுடா!"

மிஸ்ஸி என் முன்னால் வந்து நின்றார். கையை நீட்டினார். நான் என் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி, தலை குனிந்து, அவர் கையில் வைத்தேன். அவர் அதைத் தம் நரைத்த கொண்டைக்கு மேல் சாய்வாக வைத்துக்கொண்டார். முன்வரிசைத் தொழிலாளி ஒருவர் தம் மஞ்சள் தொப்பியை என்னிடம் எறிந்தார். பிடித்து அணிந்தேன். திருநீற்று நெற்றிமேல் அந்த மஞ்சள் தொப்பி எனக்கு மகுடமாகவே இருந்தது.

"பெரிய கிராணி!"

"இருக்கேன் தொர!"

"உதிரி பொறுக்கணும். குனியத் தெரியுமா, இல்ல நாற்காலி வேணுமா?"

பொறியாளர் தொப்பியைக் கழற்றினார், கணக்காளர் கழற்றினார். கடைசியில் மேலாளர் மட்டும் வெள்ளைத் தொப்பியுடன் நின்றார்.

"மேனேஜர்!" பதில் இல்லை. மீண்டும் கூப்பிட்டார். பதில் இல்லை.

"ஆளு இருக்கு, சத்தம் இல்ல. அரைப் பேரு!"

அப்படியொரு சிரிப்பை அந்த மண்டபம் அதற்கு முன் கேட்டதில்லை. மேலாளர் மேடையை விட்டிறங்கி வெளியேறினார். மிஸ்ஸி அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெயர் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நான் மேலாளரிடம் வாதாடினேன், வேறு சிலரும் வாதாடினார்கள், பயனில்லை. மன்னிப்புக் கேட்டால் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார். "எதுக்கு? அரைப் பேருக்குப் பதிலா முழுப் பேரு வெட்டலயேன்னா?" என்று கேட்டுவிட்டு மிஸ்ஸி சாவியைக் கொடுத்தார். யோங் பெங்கில் தங்கை வீட்டின் பின்னறைக்குப் போய்ச் சேர்ந்தார். சாமான் ஏற்றிய லாரி கிளம்பும்போது அந்தத் தொப்பியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "உங்களுதுதான். ஆனா இனிமே இது வேலைக்குப் போட இல்ல" என்றார்.

மறுஆண்டு நிகழ்ச்சியில் எங்களுக்கென்று மிஞ்சியது என் கடவுள் வாழ்த்து ஒன்றுதான். பண்ணோடு ஒரு பதிகம் பாடினேன். முடித்ததும் மேடையை விட்டிறங்காமல் துணிப்பையைத் திறந்து, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தேன். முதலில் கூப்பிட்ட பெயர், "மிஸ்ஸி!"

"இருக்கேன் தொர!" என்று மண்டபம் முழுவதும் எழுந்து நின்று குரல் கொடுத்தது. மலாய் லாரிக்காரரும், சீனத் தம்பியும், சமையற்கட்டுப் பெண்களும் சேர்ந்து கொடுத்த குரல் அது. தலைமை அலுவலகத்தார் ஒன்றும் புரியாமல் தாங்களும் எழுந்தார்கள். மேலாளரையும் கூப்பிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் இம்முறை எழுந்து போகவும் இல்லை. தலை குனிந்து, மேசைவிரிப்பைப் பார்த்தபடி, கடைசிப் பெயர் வரை அமர்ந்திருந்தார். அவருக்கு முழுப் பேர், அதாவது முழுநாள் கூலி, போட்டேன். மிஸ்ஸியின் வீடு அதனால் திரும்பி வந்துவிடவில்லை. ஆனால் அதன்பின் பெரட்டைத் தடுக்க அவர் முயலவில்லை.

அந்த மேலாளர் மாற்றலாகிப் போய்விட்டார். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆயினும் ஆண்டுதோறும் என்னை அழைக்கிறார்கள்; தொப்பியோடு போகிறேன். இவ்வாண்டு புதிய நிர்வாகம். மீண்டும் வெளி நிறுவனத்தின் ஆட்டம்பாட்டம். பெரட்டு இல்லை என்று செய்தி வந்தது. கோயிலிலிருந்து வந்ததும் மிஸ்ஸிக்குத் தொலைபேசியில் சொன்னேன். முட்டி வலியால் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார்.

"இல்லன்னு யாரு சொன்னா?"

"நிர்வாகம் சொல்லுது, தாயீ."

"அவங்களுக்கும் பேரு இருக்குல்ல? கூப்பிட்டா தெரியுது. தொப்பியத் தொடச்சு வைங்க, பெரிய கிராணி. நாளைக்கு நான் பஸ்ஸு ஏறி வந்துர்றேன். இந்த வாட்டி நான்தான் கூப்பிடுவேன்."

ஆணியிலிருந்து தொப்பியை இறக்கிவிட்டேன். ஈரத்துணியால் துடைத்து, பட்டையை இறுக்கி, கோயிலில் தந்த பூவைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளை மாலை விருந்து முடியும்வரை சுவரில் அந்த ஆணி மட்டும் இருக்கும்.

இதைப் படிக்கும் நீங்கள் எந்த வரிசையில் நிற்பவராயினும், உங்கள் பெயர் அன்போடு அழைக்கப்படுவதாக. அழைக்கும்போது உங்கள் குரல் தாழாதிருப்பதாக. ஆடும் பெருமான் அருளால் உங்கள் இல்லங்களில் சிரிப்பு நிலைப்பதாக.