கும்பளங்கியிலிருந்து வந்த பேஷண்ட்

போன வருஷம் மழை பிடித்துக்கொண்ட சமயம், மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு அடுக்களையில் நடந்தது இது. பிறந்ததும் வளர்ந்ததும் கொச்சியில்தான் என்பதால் என் தமிழில் அங்கங்கே மலையாளம் ஒட்டிக்கொண்டு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எர்ணாகுளத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் ஊரில் நர்ஸ் என்று சொன்னால் போதும், "எப்ப வெளிய போறே?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலப் பரீட்சை ஒன்று தேறவேண்டும். எழுத்து, வாசிப்பு, கேட்பது மூன்றும் தேறிவிட்டேன். பேச்சில் மட்டும் மண்ணைக் கவ்வினேன். வாய் இல்லாமல் அல்ல, வாய் அதிகமாகி!

அந்தப் பேச்சுப் பரீட்சை எப்படி என்று சொல்கிறேன். எதிரே ஒருவர் பேஷண்டாக நடிப்பார். அவருக்கு என்ன கஷ்டம், எதற்குப் பயப்படுகிறார் என்பதெல்லாம் அவர் கையிலுள்ள அட்டையில் இருக்கும். நாம் பக்குவமாகக் கேட்டால்தான் வெளியே விடுவார். அவர் சொன்னதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, 'நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானா?' என்று கேட்கவேண்டும். ஆறுதலும் அறிவுரையும் அதற்குப் பிறகுதான். வார்டில் எங்கள் பழக்கமோ நேர்மாறு. பேஷண்ட் வாயைத் திறந்த உடனே "ஒண்ணும் இல்ல சேச்சி, பேடிக்காதீங்க, பயமே வேணாம், எல்லாம் சரியாகும்" என்று தோளில் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடிவிடுவோம். ஓடாவிட்டால் வேலை தீராது. அந்தப் பழக்கம்தான் பரீட்சையில் என்னைக் கவிழ்த்தது. பயிற்சிப் புத்தகத்தில் பேஷண்ட் பேசுவதை அச்சடித்து, நர்ஸின் பதிலை நிரப்பச் சொல்லிக் காலியாக விட்டிருப்பார்கள். நான் பேஷண்ட் சொன்னதை முழுசாகப் படிக்கும் முன்பே நிரப்பிவிடுவேன். "நீங்க பேஷண்டோட பாகத்தையும் சேர்த்துப் பேசறீங்க" என்று கோச்சிங் சென்டர் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டில் பழகிப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே! வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர். பேஷண்டாகப் படுங்கள் என்றால் நிஜமாகவே குறட்டை விடுவார். மிச்சம் இருந்தது என் நாத்தனார். வீட்டுக்காரருக்கு மூத்தவர், கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடேயே இருப்பவர். பஜாரில் ஒரு மசாலாக் கிடங்கில் சுக்கு, மிளகு தரம் பிரிக்கிற வேலை. நான் 'சேச்சி', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குள் சண்டை கிடையாது, ஆனால் மனசு விட்டுப் பேசிய நாளும் கிடையாது. சாம்பாருக்கு உப்புப் போதுமா, பால் வந்ததா, அவ்வளவுதான்.

சேச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. பேச்சு தமிழ், படிப்பு மலையாளம். அதனால் நான் அட்டைகளை மலையாளத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் தமிழில் சொல்வார். நான் அதை வேறு வார்த்தையில் இங்கிலீஷில் சொல்லி, அதையே தமிழிலும் சொல்வேன். சரி என்றால் தலையாட்டுவார், இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து.

ஐயோ, அந்த நடிப்பை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்! மூட்டுவலி அட்டையைக் கொடுத்தால் தரையில் உருண்டு "என்ட அம்மே" என்று கத்துவார். பக்கத்து வீட்டு இத்தா, முஸ்லிம் அக்காக்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஆட்டோ பிடிக்கட்டுமா என்று கேட்டுவிட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது. இத்தனை வருஷம் இந்த மனுஷி இதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

ஆனால் ஒரு சிக்கல். அட்டை எழுதுவது நானே என்பதால், பேஷண்ட் எதை மறைக்கிறார் என்பது எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். தெரிந்த பதிலைக் கேட்டு வாங்குவதில் என்ன பயிற்சி இருக்கிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்பில் கப்பை, உங்கள் மரவள்ளிக்கிழங்குதான், வெந்துகொண்டிருந்தபோது, "இன்னிக்கு அட்டை கிடையாது சேச்சி, நீங்களே ஒரு பேஷண்டை உண்டாக்குங்க" என்றேன். சேச்சி கொஞ்ச நேரம் முற்றத்து மழையைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் கும்பளங்கிலேர்ந்து வர்றேன் சிஸ்டர். மீன் வளர்க்கிற கெட்டுல வேலை."

இந்தத் தடவை உருளவில்லை, கத்தவில்லை. மெல்லிய குரல். அட, சேச்சி தேறிவிட்டாரே என்று எனக்கு உற்சாகம். என்ன பிரச்சினை என்று கேட்டேன். மாதாமாதம் வருவது நின்று வருஷங்கள் ஆகிவிட்டன, இப்போது மறுபடியும் அப்பப்போ ரத்தம் படுகிறது என்றார். இப்படி ஒரு விஷயத்தை இவரால் எப்படி யோசிக்க முடிந்தது என்று வியந்துகொண்டே, அந்தக் கும்பளங்கிக்காரியைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ளும் ஆவலில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வார்டாக இருந்தால் இதற்குள் 'ஒண்ணும் இல்ல சேச்சி' வந்திருக்கும். பரீட்சைப் பயத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு, அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன்: "நின்னுபோனது திரும்ப வந்ததால உங்களுக்குப் பயமா இருக்கு, இல்லையா?"

தலையை ஆட்டவில்லை. "பயமில்ல சிஸ்டர். வெக்கம். இந்த வயசுல இது என்னன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அதையும் திருப்பிச் சொன்னேன். இந்தத் தடவை தலையாட்டினார். இதனால் வீட்டில் என்னென்ன மாறியிருக்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டேன். அப்படிக் கேட்கவேண்டும் என்று மாஸ்டர் சொல்லித் தந்திருந்தார். "சந்தியா நேரம் விளக்கு வைக்கிறதில்ல. தீட்டோட எப்படி வைக்கிறது? வீட்டுல இன்னொரு பொண்ணு இருக்கு, அத வைக்கச் சொல்லிட்டேன்."

எனக்குள் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் சாயங்காலம் சாமி விளக்கு ஏற்றுவது சேச்சிதான். நான் மருமகளாக வந்த நாள் முதல் அந்தத் தீப்பெட்டியை வேறு யாரும் தொட்டதில்லை. கொஞ்ச மாதங்களாக, "முட்டு வலிக்குது, நீயே வெச்சிடு" என்று என்னிடம் விட்டிருந்தார். சேச்சி ஒருவழியாக எனக்கு இடம் விட்டுக் கொடுத்துவிட்டார் என்று நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன். ஒரு நர்ஸுக்கு அதைத் தாண்டி ஒன்றும் தோன்றவில்லை பாருங்கள்.

'சேச்சி, நீங்களா?' என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே எழுந்து கப்பையைக் கிளறப் போயிருப்பார், எனக்குத் தெரியும். இங்கிலீஷ் எங்கோ போய்விட்டது. தமிழிலேயே கேட்டேன், "வீட்டுல சொல்ல எது தடையா இருக்கு?"

மழையைப் பார்த்தபடியே சொன்னார். "வீட்டுல ஒரு நர்ஸ் இருக்கு சிஸ்டர். அவளுக்குப் பரீட்சை. இதக் கேட்டா புஸ்தகத்த மூடி வெச்சிட்டு என் பின்னால ஆஸ்பத்திரிக்கு அலைவா. அவ ஜெயிச்சிட்டுப் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்கேன்."

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தையும் பாசத்தையும் எப்படிச் சொல்வது? அவரைக் கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது, பிடித்து உலுக்கவும் தோன்றியது. ரெண்டும் செய்யவில்லை. நடிப்பை விடாமலே, "அந்த நர்ஸ்கிட்ட நான் பேசறேன். நாளைக்குக் காலையில அவளே உங்களைக் கூட்டிட்டு வருவா. சம்மதமா?" என்றேன்.

"திட்டுவாளா?"

"திட்டமாட்டா," என்றேன். கப்பை அடிப்பிடித்துப் புகைந்தது, ரெண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் நான் லீவு போட்டேன். பஸ்ஸில் எர்ணாகுளம் போகும்வரை சேச்சி என் கையை விடவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். கர்ப்பப்பையில் புற்றுநோய். ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், தள்ளிப் போட்டிருந்தால் கதையே வேறு என்றார் டாக்டர். ஆபரேஷன் நாளும் என் பரீட்சையும் ஒரே வாரத்தில் வந்தன. நான் பரீட்சையைத் தள்ளிப் போட்டேன். அதற்காக சேச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அதில் அந்த வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில் அம்மா என்னிடம் ரகசியமாக, "மாமியாரா?" என்று கேட்டார்.

இன்று சேச்சி நன்றாக இருக்கிறார், கிடங்கு வேலைக்கும் போகிறார். பேச்சுப் பரீட்சையிலும் நான் பிறகு தேறிவிட்டேன். வெளிநாட்டுக் காகிதங்கள் நடந்துகொண்டிருக்கின்றன.

அதுவரை எர்ணாகுளத்தில் அதே வார்டு, அதே ஓட்டம்தான். ஆனால் ஓடும்போது யாராவது கையைப் பிடித்து நிறுத்தி, "எனக்கில்ல சிஸ்டர், தெரிஞ்ச ஒருத்திக்குத்தான் கேக்கறேன்" என்று ஆரம்பித்தால், நான் ட்ரேயைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன், அந்தத் தெரிஞ்ச ஒருத்தி பெரும்பாலும் என் எதிரிலேயேதான் இருக்கிறாள்.